மணலைத் தோண்டாதீர்

மோதிரம் தொலைந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதனால் வந்த வினை.

உட்கார், தம்பி. பெஞ்சுதான், கடிக்காது. முதலில் அந்த மெஷினை அணை. அது கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தால் நான் எப்படிப் பேசுவது? காதில் மாட்டியிருப்பதையும் கழற்று. பெரியவன் பேசும்போது காதில் எதையும் மாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ம். இப்போது சரி.

இங்கே இந்த மெஷினை வைத்து மணலில் நகை நட்டு தேட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டாய். நல்ல கேள்வி. இந்த வேலன்துறையில் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு என்னைப் போல அலைந்தவன் கிடையாது. சுருக்கமாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

என் பெயர் சிங்காரவேலு. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியை நிறுத்தி ஏறுவேன். "டிக்கெட்" என்பேன். அந்த ஒரு வார்த்தைதான். டிக்கெட் எடுத்தவனுக்கும் வியர்க்கும். இங்கே காலையில் நடக்க வருகிறவர்கள் என்னை செக்கர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு ஏதோ சொல்வதாகக் கேள்வி. அது எனக்கு எதற்கு?

மோதிரத்துக்கு வருகிறேன். வலது கை, மோதிர விரல். பெரிய கனம் இல்லை. மாப்பிள்ளை அழைப்பன்று பெண்ணின் தம்பி மாலை போட்டு மோதிரம் போடுவான் இல்லையா, அந்த மோதிரம். போட்டவன் என் பெண்டாட்டி கோமளத்தின் தம்பி. பேர் கேட்காதே. அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நான் போட்ட விதி.

ஏன் என்றால், சொல்கிறேன். வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம். ஊரே வரும், ஊர்ச் செருப்பெல்லாம் வாசலில் மலையாய்க் கிடக்கும். அதனால் ஒரு போர்டு வைத்தேன். 'காலணிகளை வரிசையாக விடவும். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி.' மஞ்சள் பெயின்ட், கறுப்பு எழுத்து. நானே எழுதியது. வந்தவர்களுக்கெல்லாம் போர்டைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினேன். ஒழுங்காக விட்டார்கள்.

இவன் வந்தான். பந்தல் காண்ட்ராக்டர். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். வாயும் பந்தல் அகலம். போர்டைப் படித்தான். சபை நடுவில் வந்து நின்றுகொண்டு கேட்டான்.

"மாமா, பால் எந்தப் பக்கம் பொங்கணும்னும் ஒரு போர்டு வெச்சிருக்கலாமே? அது பாட்டுக்கு இஷ்டத்துக்குப் பொங்கிடப் போவுது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சபை சிரித்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கோமளம் சிரித்தாள். கையில் பால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். பால் தெற்கே பொங்கியது.

அன்றோடு அவனிடம் பேச்சு இல்லை. வருஷக் கணக்காகிவிட்டது.

"தம்பியோட பேச மாட்டீங்க, தம்பி போட்ட மோதிரத்தை மட்டும் போட்டுக்குவீங்களா?" என்று கோமளம் ஒருமுறை கேட்டாள்.

"மோதிரம் என்ன பண்ணிச்சு?" என்றேன்.

நியாயம்தானே? சிரித்தது அவன். மோதிரம் சிரிக்கவில்லை.

அது விரலை விட்டு இறங்கியதே இல்லை. நடுவில் எனக்குச் சர்க்கரை வந்தது. உடம்பு இளைத்தது, விரலும் இளைத்தது. மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். நூல் நைந்தால் புது நூல். தட்டானிடம் கொடுத்துச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள் என்றாள் கோமளம். தட்டானிடம் கொடுப்பது என்றால் கழற்றிவிட்டு வர வேண்டும். அவன் கையால் போட்டதை நான் கழற்றுவதா? முடியாது என்றுவிட்டேன். கோபம் வேறு, மோதிரம் வேறு.

இப்போது கடற்கரை.

ஓய்வுக்குப் பிறகு இங்கே நடக்க வர ஆரம்பித்தேன். சகிக்கவில்லை. கண்டவன் கண்ட இடத்தில் பள்ளம் தோண்டுகிறான். வீடு கட்டுகிறான், கோட்டை கட்டுகிறான், அப்படியே போட்டுவிட்டுப் போகிறான். நடக்கிறவன் கால் என்ன ஆவது? எனக்கே ஒருமுறை மடங்கியது. யாரும் கேட்கவில்லை. நான் போர்டு வைத்தேன். இரும்புக் கம்பம், மஞ்சள் தகடு. 'மணலைத் தோண்டாதீர். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி.'

கம்பம் நட நீ தோண்டினாயா என்று கேட்க வாயைத் திறக்கிறாய். அது வேறு.

யார் உத்தரவு என்று போடவில்லை. போடத் தேவையில்லை. உத்தரவு என்று இருந்தால் நம் ஜனங்களுக்குப் போதும். நீ நம்ப மாட்டாய், எழுத்து மங்கியபோது நகராட்சி ஆள் ஒருத்தன் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து, அச்சுப் பிசகாமல் மறுபடி பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். தன் போர்டு என்று நினைத்துவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'தோ'வுக்குக் கால் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன். திருத்தினான். நல்ல பையன்.

போன காணும் பொங்கல். ஜனம் தலைக்கு மேல் தலை. ஒரு குடும்பம் கம்பத்துக்குப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டி, அவர்கள் வீட்டு ஆள் ஒருத்தரைக் கழுத்துவரை புதைத்துவிட்டார்கள். தடியான மனிதர். தலை மட்டும் வெளியே. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வாயில் கரும்பு.

போய் நின்றேன். "தோண்டக் கூடாது."

"தோண்டலை சார். புதைக்கிறோம்" என்றது தலை.

எனக்கு வந்ததே கோபம். போர்டைத் தட்டினேன். பலமாக. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். "படி. சத்தமாப் படி" என்றேன். தலை படித்தது. குடும்பமே எழுந்துகொண்டது. புதைந்தவரை எடுக்க மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் அனுமதித்தேன். போகும்போது பள்ளத்தைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். ஒழுங்கு என்றால் அப்படி.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். விரல் மொட்டையாக இருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம், வேறு வாங்கிப் போட்டுக்கொள் என்பாய். இரு.

என் கடைசிப் பெண் மதிவதனிக்கு மாசிக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. நேரில் போய்க் கொடுக்க வேண்டும். பேச்சு இல்லாவிட்டாலும் முறை முறைதான். போவது என்று தீர்மானித்திருந்தேன். போய், தட்டைக் கொடுத்து, பேசாமல் திரும்பிவிடுவது. திட்டம் சரியாகத்தான் இருந்தது.

தட்டை நீட்டும் கை எது? வலது கை. நேரே மூஞ்சிக்கு முன்னால். விரலில் மோதிரம் இல்லை. அவன் என்ன நினைப்பான்? அன்றைக்குச் சிரித்ததற்காக மாமா கழற்றி எறிந்துவிட்டார் என்று நினைப்பான். இத்தனை வருஷமும் விரல் இப்படி மொட்டையாகத்தான் இருந்தது என்று நினைப்பான். நான் எறியவில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும்? தொலைந்துபோச்சு என்று வாயால் சொல்லிவிடுவதுதானே என்கிறாய். அவனோடுதான் பேசுவதில்லையே.

அதனால் மோதிரம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காமல் பத்திரிகை போகாது. தாய்மாமன் வராமல் கல்யாணம் நடத்த கோமளம் சம்மதிக்க மாட்டாள். இப்போது புரிகிறதா?

விரலில் துணியைச் சுற்றிக் கட்டினேன். கோமளம் கேட்டாள், "என்னாச்சு?"

"கதவிடுக்குல நசுங்கிச்சு."

"எந்தக் கதவு?"

"கதவுதான்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. தினமும் காலையில் அவளே கட்டைப் பிரித்து, மஞ்சள் குழைத்துத் தடவி, புதுத் துணி கட்டிவிட்டாள். விரலில் ஒரு கீறல் கூட இல்லை, அதை அவள் கவனிக்கவே இல்லை. கண்ணில் புரை விழுந்திருக்குமோ என்று பயந்தேன். டாக்டரிடம் போகலாமா என்று கூடக் கேட்டேன். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. தம்பி வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்றாள்.

"விரல் ஆறட்டும்."

"ஆறும், ஆறும்" என்று கட்டை இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள்.

மெஷினுக்கு வருகிறேன். உன்னுடையது மாதிரி இல்லை என்னுடையது. தியேட்டர் வாசலில் காவலாளி நம் மேலெல்லாம் தடவுவானே, கறுப்புக் கட்டை, அது. இங்கே பழைய தியேட்டரை மூடிவிட்டார்கள். காவலாளி எனக்குப் பழக்கம். எப்போதோ டிக்கெட் இல்லாமல் என்னிடம் பிடிபட்டான், அதிலிருந்து பழக்கம். அவனிடம் கட்டையை வாங்கி, குடைக் கம்பின் நுனியில் கயிறு போட்டுக் கட்டினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் நடப்பேன். தேடுவது மாதிரியே தெரியாது.

சோடா மூடி. ஊக்கு. சாராயப் பாட்டில் மூடி. தூண்டில் முள். ஒற்றைக் கொலுசுத் திருகாணி. ஒரு ஸ்பூன். சின்னதாக ஒரு பித்தளை வேல். யார் யாரோ தொலைத்ததெல்லாம் கிடைத்தது. தோண்டினாயா என்று கேட்காதே. கிளறினேன். கிளறுவது வேறு.

போர்டுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் கட்டை விடாமல் அலறும். இரும்புக் கம்பம். அலறத்தான் செய்யும். அங்கே அது எதற்கு அலறுகிறது என்று யார் கண்டது? அந்த இடத்தை விட்டுவிட்டேன். எனக்கும் மூளை இருக்கிறது.

ஒரு நாள் ஒரு பெண் போலீஸ் வந்து முன்னால் நின்றாள். அதோ அந்தச் சாவடியில் இருக்கிறாளே, எழிலரசி. கான்ஸ்டபிள்.

"தாத்தா, என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததைத் தேடவா மெஷினு?"

"நடக்கிறேன்."

"இப்படிக் குனிஞ்சா? அங்க ஒரு அம்மா, கடற்கரையில குண்டு வெச்சிட்டாங்க, ஒரு பெரியவர் மெஷின் வெச்சுத் தேடறாருன்னு புள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுது. சுண்டல்காரன் சுண்டலை அப்படியே போட்டுட்டு ஓடிட்டான். அனுமதி இருக்கா?"

என்னிடம் கேட்கிறாள். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவனிடம் டிக்கெட் கேட்டவனிடம்.

"இல்லை."

"அந்தப் போர்டைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்ன போட்டிருக்கு?"

"மணலைத் தோண்டாதீர்."

"படிக்கத் தெரியுது இல்ல?" கட்டையைக் கம்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டாள். "கவர்மென்ட் போர்டு தாத்தா. நான் ஒண்ணும் பண்ண முடியாது. அனுமதி வாங்கிட்டு வாங்க, திருப்பித் தர்றேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையைச் சரியாகச் செய்தாள். போர்டும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

நகராட்சிக்குப் போனேன். "பூங்காதான் எங்களுது. ஊஞ்சல், சறுக்குமரம், அந்த பெஞ்சு வரைக்கும். பெஞ்சைத் தாண்டிக் கால் வெச்சா மணலு. மணலு வருவாய்த் துறை" என்றார்கள். நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே பெஞ்சுதான். உன் பின்பக்கம் நகராட்சி, உன் கால் வருவாய்த் துறை. அசையாதே.

வருவாய்த் துறையில் ஒருத்தர் கேட்டார், "மோதிரம் காஞ்ச மணல்ல விழுந்ததா, ஈர மணல்லயா?"

"தெரிஞ்சா நானே எடுத்துக்க மாட்டேனா?"

"காஞ்சதுன்னா நாங்க. ஈரம்னா வேற துறை."

"காலையில் ஈரமா இருக்கிறது மத்தியானம் காய்ஞ்சுடுதே?"

"அப்ப மத்தியானமா வாங்க."

வனத்துறைக்கும் போகச் சொன்னார்கள். ஆமை முட்டையிடும் காலம். மெஷின் கத்தினால் கரையேறுகிற ஆமை பயந்து திரும்பிவிடும் என்றார் அங்கே இருந்தவர். ஆமைக்குக் கேட்குமா என்று கேட்டேன். "கேட்டுடுச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" என்றார். நான் எப்படி ஆமைக்குப் பொறுப்பேற்பது?

தாலுகா ஆபீஸில் ஒரு கிழ குமாஸ்தா. என் வயசு இருக்கும், எப்படி இன்னும் வேலையில் இருக்கிறார் என்று தெரியவில்லை. பழைய புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது, மண்ணுக்குள்ளிருந்து எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

"என் மோதிரம் ஐயா அது."

"உள்ள போற வரைக்கும் உங்களுது. உள்ள போயிட்டா புதையல்."

"என் மச்சான் போட்டது."

"அப்ப அவரையும் விசாரிக்கணும்."

எழுந்து வந்துவிட்டேன்.

இதில் ஒரு விஷயம். எல்லா இடத்திலும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள். "அங்க ஒரு போர்டு இருக்கு, பாத்தீங்களா? அது எங்க போர்டு இல்லை. அந்தப் போர்டை வெச்ச துறைகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வாங்கிட்டு வாங்க. மத்ததைப் பாத்துக்கலாம்." நகராட்சியும் சொன்னது. பெயின்ட் அடித்தவர்களே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். போர்டு வைத்தவன் நான். கேட்கிறவனும் நான். கொடுத்துவிடலாமா? இரண்டு பக்கமும் நன்றாக யோசித்தேன். மனுதாரர் பக்கம் நியாயம் இருந்தது. வயசானவர், பெண் கல்யாணம். ஆனால் ஒருத்தனுக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். விதி என்று ஒன்று எதற்கு?

மறுத்துவிட்டேன்.

பிறகு ஒரு வழியும் இல்லை. காலையில் வருவேன், இந்தப் பெஞ்சில் உட்காருவேன், மணலைப் பார்ப்பேன். வீட்டில் மதிவதனி முகம் வாடிப்போய்விட்டது. "அப்பா, மாமா வருவாரா மாட்டாரா?" என்று கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாத்தி வைத்திருந்த தாம்பூலத் தட்டைப் பார்த்தாள். கட்டுப் போட்ட விரலைக் காட்டினேன்.

மறுநாள் காலை அவன் வந்தான்.

நான் இதே இடத்தில். பின்னால் டெம்போ வந்து நிற்கும் சத்தம். திரும்பினால் அவன். ரப்பர் செருப்பு, தோளில் துண்டு, கையில் ஆள் உயரத்துக்கு ஒரு அரிகரண்டி. கல்யாண சமையலில் பூந்தி தேய்ப்பார்களே, அது. அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு மணலில் இறங்கினான். தலை நரைத்திருந்தது. எனக்கு அது தெரியாது.

மோதிரம் தொலைந்தது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கோமளத்தைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அவன் என்னிடம் வரவில்லை. நேரே போர்டுக்கு முன்னால் போய் நின்றான். படித்தான். கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு சிரித்தான். கிரகப்பிரவேசத்தில் சிரித்தானே, அதே சிரிப்பு. எழிலரசி சாவடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"யாருண்ணே நீங்க? கரண்டியெல்லாம் எதுக்கு?"

"அவரு என் மாமா. மோதிரத்தைத் தொலைச்சுட்டாரு." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, காணும் பொங்கல் அன்னிக்கு யாரையாவது திட்டினீங்களா?"

நான் எழிலரசியிடம் சொன்னேன். "ஆமாம்னு சொல்லும்மா அவன்கிட்ட."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமாங்குறாரு."

"எங்க நின்னு திட்டினாரு?"

"இங்க. இந்தக் கம்பத்துக்கிட்ட. சொல்லும்மா."

"இங்கதானாம்."

"திட்டும்போது போர்டைத் தட்டினாரா? கையை வெச்சு, படார் படார்னு?"

கையைப் பார்த்தேன். வலது கை.

"தட்டியிருப்பாரு" என்றான் அவன். "கிரகப்பிரவேசத்துல தட்டின தட்டுல எங்க பெரியப்பா செருப்பை வரிசையா வெச்சுட்டு, தானும் வரிசையில நின்னுட்டாரு." கரண்டியைக் கீழே வைத்துத் துண்டை இடுப்பில் இறுக்கினான். "இங்கதாம்மா கிடக்கு."

"இருங்கண்ணே, இங்க தோண்டக் கூடாது. போர்டு இருக்கு இல்ல? யார் போர்டுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. இவரும் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுட்டாரு."

"யார் போர்டுன்னு தெரியாதா?" கடைசி வரியில் விரலை வைத்தான். "உத்தரவுப்படி. எங்க மாமா உத்தரவு. இதே பெயின்ட்டு, இதே எழுத்து. எங்க அக்கா வீட்டு வாசல்ல இதுக்கு அண்ணன் இருக்கு, போய்ப் பாரு."

எழிலரசி என் பக்கம் திரும்பினாள். "தாத்தா. நீங்களா?"

"ஆமாம்."

"யார் அனுமதியில வெச்சீங்க?"

தம்பி, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாக்கெட்டைத் தடவுவார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் பாக்கெட்டைத் தடவினேன். ஜன்னல் இல்லை, அதனால் கடலைப் பார்த்தேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றுதான் நினைத்தேன்.

"சரி. போர்டு வெச்ச துறை கிடைச்சாச்சு" என்றாள். "அனுமதி நீங்கதான் தரணும். இவரு இங்க தோண்டலாமா, கூடாதா? சொல்லுங்க."

ஏற்கெனவே ஒரு தடவை மறுத்தவன் நான். அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பில் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அப்படி நின்றான். அப்போது மீசை கூட முளைக்கவில்லை அவனுக்கு.

"தோண்டு" என்றேன்.

எழிலரசியிடம் இல்லை. நேரே அவனிடம்.

"சரி மாமா" என்றான்.

சுற்றித் தோண்டினால் கம்பம் சாய்ந்து யார் தலையிலாவது விழும் என்று முதலில் கம்பத்தைப் பிடுங்கினான். பந்தல்கால் பிடுங்குகிற கை. கட்டிப்பிடித்து நாலு ஆட்டு ஆட்டி, அப்படியே தூக்கினான். போர்டை மணலில் படுக்க வைத்தான், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. அதைக் கவனித்தேன். பிறகு உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளி அரிகரண்டியில் போட்டுச் சலித்தான். மணல் இறங்கியது, கிளிஞ்சல் தங்கியது. எழிலரசியும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து அள்ளினாள். கரும்புச் சக்கை வந்தது. கறுப்புக் கண்ணாடியின் ஒரு கால் வந்தது. இடம் அதுதான்.

கரண்டியில் டங் என்று கேட்டது.

நூல் அதிலேயே இருந்தது. நைந்துபோய், பாதி சுற்று.

வேட்டியில் துடைத்தான். தன் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, புதுசாகச் சுற்றினான். "கையக் குடுங்க மாமா."

கொடுத்தேன். கட்டைப் பிரித்தான். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காயம் எங்க?"

"ஆறிடுச்சு."

"ஆறும். கதவு ரொம்ப நசுக்கலை போல" என்றான்.

கதவு விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மோதிரத்தைப் போட்டுவிட்டான். மாலைதான் இல்லை.

"பத்திரிகை மாமா?" என்றான்.

"இங்கே தர மாட்டேன். தட்டோட வீட்டுக்கு வருவேன். நீயும் உன் பெண்டாட்டியும் வாசல்ல நிக்கணும். அதுதான் முறை."

"செருப்பை எங்க விடணும்னு போர்டு வெக்கட்டுமா?"

எழிலரசி சிரித்தாள். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வாய் கொஞ்சம் கோணியது, அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தல் அவன்தான் போட்டான். வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தான். மஞ்சள் பெயின்ட், கறுப்பு எழுத்து. 'செக்கர் வீட்டுக் கல்யாணம். சிரித்துக்கொண்டே உள்ளே வரவும். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி.' எழுத்து சுமார்தான். வந்தவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோமளம் மட்டும் நாலு தடவை எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தூரத்திலிருந்தே படித்துவிட்டாள்.

என்ன மணியைப் பார்க்கிறாய்? முடிந்துவிட்டது.

உன் மெஷினுக்கு அனுமதி எழிலரசியிடம் கேள். ஏதாவது கிடைத்தால் அவளிடம் காட்டு. என் கட்டை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. எந்தத் துறையிடம் கேட்கலாம் என்று மட்டும் கேட்காதே, மத்தியானமாக வரச் சொல்வார்கள். தோண்டினால் மூடிவிட்டுப் போ. அதோ, கம்பம் இருந்த பள்ளம். அவன் மூடாமல் போய்விட்டான். பார்த்து நட, கால் மடங்கும். அதற்கு ஒரு போர்டு வைக்கலாம் என்று இருக்கிறேன்.

என்ன? எடுத்துக் கொடுத்தவர் பேரா?

சொன்னேனே, அந்தப் பேரை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது என்று. விதி அப்படியேதான் இருக்கிறது. கோமளம் காலையிலிருந்து ராத்திரிவரை அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மதிவதனி போனில் அதைத்தான் சொல்கிறாள். அவர்களை நான் என்ன செய்வது? நான் வீட்டுக்குள் சொல்வதில்லை. விதியைப் போட்டவனே மீறலாமா?

ஆனால் இது வீடு இல்லை. கடற்கரை. இங்கே போர்டும் இல்லை.

கலியபெருமாள்.